1941-ஐ மீண்டும் ஆடுதல்: பகடையும் அட்டையும் சொல்லும் பேஸ்பால் வரலாறு

நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி எழுதும்போது, அது அப்படித்தான் நடந்திருக்க முடியும் என்ற தொனி எழுத்தில் தானாக ஏறிவிடுகிறது. வென்ற அணி ஏன் வென்றது என்று காரணங்களை அடுக்குகிறோம்; தோற்ற அணிக்கும் அதேபோல் அடுக்குகிறோம். அவற்றில் எவை உண்மையிலேயே முடிவைத் தீர்மானித்தன, எங்கே தற்செயல் புகுந்தது என்று பிரித்துக் காட்டுவது கடினம். ஒரு போரையோ தேர்தலையோ இன்னொரு முறை நடத்திப் பார்க்க வழியில்லை.

அமெரிக்க பேஸ்பாலுக்கு மட்டும் அப்படியொரு வழி ஓரளவு வாய்த்திருக்கிறது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை. குறிப்பிட்ட ஓர் ஆண்டில் அவர் ஆடிய ஆட்டத்தின் புள்ளிவிவரம் நிகழ்தகவாக மாற்றப்பட்டு அதில் அச்சிடப்பட்டிருக்கும். பகடையை உருட்டி அட்டையைப் பார்த்தால், அந்த பேட்டிங் வாய்ப்பில் என்ன நடந்தது என்று தெரியும். இப்படி ஒரு பழைய சீசனை முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம் வரை மேசைமேல் ஆடிப் பார்ப்பவர்கள் அமெரிக்காவில் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். இது பொழுதுபோக்காகத்தான் அறியப்படுகிறது. ஆனால் கடந்த காலத்தை விசாரிப்பதற்கான நேர்மையான முறைகளில் ஒன்றாகவும் இதைக் கொள்ளலாம் என்று நான் கருதுகிறேன். நடந்தவற்றில் எது கெட்டியானது, எது நூலிழையில் தொங்கியது என்பதை இது எண்ணிக் காட்டுகிறது. எது எழுதப்படாமலே விடுபட்டது என்ற கேள்விக்கும் இதுவே நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. 1941-ஆம் ஆண்டு சீசனை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம்.

அந்த ஆண்டு

1941-இல் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்ற இரு பெரும் லீக்குகளில் லீக்குக்கு எட்டு அணிகள் வீதம் பதினாறு அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணிக்கும் 154 ஆட்டங்கள். தன் லீக்கிலுள்ள மற்ற ஏழு அணிகளோடும் தலா 22 முறை மோத வேண்டும். அணிகள் ரயிலில் பயணம் செய்தன. செயின்ட் லூயிஸுக்கு மேற்கே பெரிய லீக் அணி எதுவும் கிடையாது.

அந்த சீசனை இன்றும் பேச வைப்பவர்கள் இருவர். நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஜோ டிமாஜியோ மே 15 முதல் ஜூலை 16 வரை தொடர்ந்து 56 ஆட்டங்களில், ஆட்டத்துக்கு ஒரு ஹிட்டாவது (பந்தை அடித்து, அவுட் ஆகாமல் பேஸை அடைவது) அடித்தார். அதற்கு முன் இருந்த பெரிய சாதனை 1897-இல் வில்லி கீலர் வைத்த 44 ஆட்டங்கள். பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் 456 முயற்சிகளில் 185 ஹிட் அடித்து 0.406 சராசரியோடு சீசனை முடித்தார். அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் அதற்குப் பின் இன்றுவரை யாரும் 0.400-ஐத் தொடவில்லை. யாங்கீஸ் 101 வெற்றிகளோடு தன் லீக்கை வென்றது. நேஷனல் லீக்கில் 100 வெற்றி பெற்ற புரூக்ளின் டாட்ஜர்ஸ், 97 வெற்றி பெற்ற செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸை நெருக்கமாக முந்தியது. சீசன் முடிந்த இரண்டரை மாதத்துக்குள் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியது. ஆட்டக்காரர்கள் பலர் ராணுவத்துக்குப் போனார்கள். போருக்கு முந்தைய கடைசி முழு சீசன் என்ற துயரமும் அந்த ஆண்டின் மேல் படிந்திருக்கிறது.

அட்டைக்குள் ஒரு ஆட்டக்காரர்

இந்த விளையாட்டுகளின் வம்சாவளி சுருக்கமானது. விஸ்கான்சினைச் சேர்ந்த கிளிஃபோர்ட் வான் பீக் 1920-களில் காப்புரிமை பெற்று, 1930-களின் தொடக்கத்தில் 'நேஷனல் பாஸ்டைம்' என்ற பெயரில் ஆட்டக்காரர் அட்டைகளும் இரு பகடைகளும் கொண்ட ஒரு விளையாட்டை வெளியிட்டார். பொருளாதாரப் பெருமந்தக் காலம், அது நீடிக்கவில்லை. அதே அடிப்படையில் 1951-இல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் நகரிலிருந்து ரிச்சர்ட் சைட்ஸ் 'ஆப்பா'வைத் தொடங்கினார். நியூயார்க் அருகே வளர்ந்த ஹால் ரிச்மன் சிறுவனாக இருந்தபோதே, கடையில் கிடைத்த விளையாட்டுகளில் திருப்தி இல்லாமல் பகடைகளை ஆயிரக்கணக்கான முறை உருட்டிக் குறித்துக்கொண்டு சொந்தமாக ஒன்றை வடிவமைக்க ஆரம்பித்தார். 1961-இல் அது 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

நம் ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் ஆடும் புத்தகக் கிரிக்கெட்டில் பக்கத்தைப் புரட்டினால் ரன் வரும். அங்கே தொடக்க ஆட்டக்காரருக்கும் பதினோராவது ஆட்டக்காரருக்கும் வித்தியாசம் இல்லை. புத்தகத்துக்கு யாரையும் தெரியாது. ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கின் அட்டைக்கோ ஆளைத் தெரியும். எப்படி என்பதை ஒரே ஒரு பேட்டிங் வாய்ப்பில் பார்த்துவிடலாம்.

மூன்று பகடைகள் உருளுகின்றன. ஒன்று வெள்ளை. அதில் 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 விழுந்தால் பந்து வீசும் பிட்சரின் அட்டை. அந்த எண்ணே அட்டையில் எந்தப் பத்தி என்பதையும் சொல்லும். மற்ற இரு பகடைகளின் கூட்டுத்தொகை, 2 முதல் 12 வரை, பத்தியில் எந்த வரி என்பதைச் சொல்லும். ஏழு விழ ஆறு வழிகள் உண்டு. இரண்டோ பன்னிரண்டோ விழ ஒரே வழிதான். ஆகவே ஒரு வரியின் மதிப்பு அது எந்த எண்ணுக்கு நேரே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சில வரிகளில் இரண்டு முடிவுகள் இருக்கும். இருபது முகப் பகடையை உருட்டி எது என்று தீர்க்க வேண்டும். மொத்தத்தில் மூன்று பகடைகள் 216 விதமாக விழலாம். அதில் பாதி, அதாவது 108, பேட்டரின் அட்டையில்; மீதிப் பாதி பிட்சரின் அட்டையில்.

இப்போது டெட் வில்லியம்ஸின் அட்டையை நாமே எளிய கணக்கில் தயாரிப்போம். முயற்சிக் கணக்கில் சேராத வாய்ப்புகளையும் சேர்த்து 1941-இல் அவர் 606 முறை பேட் பிடித்தார். 185 ஹிட், 147 வாக், மூன்று முறை பந்து உடலில் பட்டது. ஆக 335 முறை பேஸை அடைந்தார். வாக் என்பது பிட்சர் நான்கு தவறான பந்துகளை வீசியதால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ். நூற்றுக்கு 55 முறை அவர் அவுட் ஆகவில்லை. 216 சாத்தியங்களில் இது ஏறத்தாழ 119. சராசரி பேட்டர் மூன்றில் ஒரு முறைதான் பேஸை அடைவார். ஆகவே சராசரி பிட்சரின் அட்டையிலுள்ள 108 சாத்தியங்களில் சுமார் 36 மட்டுமே பேட்டருக்குச் சாதகமாக இருக்கும். மிச்சம் 83-ஐயும் வில்லியம்ஸின் சொந்த அட்டையே தர வேண்டும். அதாவது அவர் அட்டையிலுள்ள 108 சாத்தியங்களில் 25 மட்டுமே அவுட். வெள்ளைப் பகடையில் 1, 2, 3 விழும் ஒவ்வொரு முறையும் எதிரணிக்கு நான்கில் ஒரு பங்கு நம்பிக்கைதான் இருக்கிறது. 0.406 என்ற எண்ணைப் புத்தகத்தில் பலமுறை படித்தவருக்கும் இந்த அட்டையைக் கையில் பிடித்துப் பத்து முறை பந்து வீசிப் பார்த்தால்தான், 1941-இல் அவரை எதிர்கொண்ட பிட்சர்களின் நிலை விளங்கும்.

எது கெட்டி, எது நூலிழை

இரண்டு லீக்குகளுக்கும் சேர்த்து மொத்தம் 1,232 ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்கு அரை மணி நேரம் வைத்தால் 616 மணி நேரம். தினமும் இரண்டு ஆட்டம் ஆடினாலும் முடிக்க ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே பலர் ஓர் அணியின் 154 ஆட்டங்களோடு நிறுத்திக்கொள்வார்கள். சிலர் ஒரு லீக்கை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஸ்கோர்தாள் எழுதி, தரவரிசைப் பட்டியலை நாளுக்கு நாள் திருத்தி, ஆட்டக்காரர்களின் சராசரிகளைக் கணக்கிட்டுக்கொண்டே போக வேண்டும்.

முடிவில் கிடைப்பது உண்மையான 1941-இன் நகல் அல்ல. 154 ஆட்டங்களில் ஓர் அணியின் வெற்றி எண்ணிக்கை, அணியின் தரம் சற்றும் மாறாமலே, தற்செயலால் மட்டும் ஆறு ஆட்டங்கள் கூடவோ குறையவோ செய்வது சகஜம். எளிய நிகழ்தகவுக் கணக்கே இதைச் சொல்லிவிடும். இந்த ஆறு ஆட்ட ஊசலை அளவுகோலாக வைத்துக்கொண்டு தரவரிசையைப் பார்த்தால், புத்தகத்தில் ஒரே மாதிரி தோன்றும் இரு வெற்றிகள் முற்றிலும் வேறுபட்டவை என்று தெரியவரும்.

அமெரிக்கன் லீக்கில் யாங்கீஸ் இரண்டாமிட ரெட் சாக்ஸைவிட 17 ஆட்டங்கள் முன்னே இருந்தது. செப்டம்பர் 4-ஆம் தேதியே பட்டம் உறுதியாகிவிட்டது. நூறு முறை திரும்ப ஆடினாலும் மிகச் சில முறைகளில்தான் வேறு அணி முதலிடம் பிடிக்கும். அது கெட்டியான வெற்றி. நேஷனல் லீக்கில் டாட்ஜர்ஸுக்கும் கார்டினல்ஸுக்கும் இடையே இருந்தது இரண்டரை ஆட்டம். அவரவர் வெற்றி விகிதத்தையே அவரவர் தரமாக எடுத்துக்கொண்டு கணக்கிட்டால்கூட, பத்தில் ஏறத்தாழ நான்கு முறை கார்டினல்ஸ்தான் பட்டம் வெல்லும். புரூக்ளினின் வெற்றிக்கு அன்றைய செய்தித்தாள்கள் சொன்ன காரணங்கள், மேனேஜர் லியோ டியூரோச்சரின் முரட்டுத் தலைமை உட்பட, பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் பத்தில் நான்கு முறை அதே காரணங்கள் அத்தனையும் இருந்தும் புரூக்ளின் தோற்றிருக்கும். ஒரு காரணம் முடிவை எவ்வளவு தூரம் தாங்கிப் பிடிக்கிறது என்பதை இப்படி எடைபோட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வில்லியம்ஸின் 0.406-உம் அப்படியே. சீசனின் கடைசி நாளான செப்டம்பர் 28 அன்று காலை அவருடைய சராசரி 0.39955. ஆடாமல் உட்கார்ந்தால் அது 0.400 என்று எழுதப்பட்டிருக்கும். மேனேஜர் ஜோ குரோனின் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தும் வில்லியம்ஸ் உட்கார மறுத்தார். பிலடெல்ஃபியாவின் ஷைப் பார்க்கில் அன்று நடந்த இரண்டு ஆட்டங்களில் எட்டு முயற்சியில் ஆறு ஹிட் அடித்தார். மூன்று ஹிட் மட்டும் அடித்திருந்தால் அவர் சராசரி 0.399. அட்டையையும் பகடையையும் வைத்துத் திரும்ப ஆடும்போது, 456 முயற்சிகளில் அவருடைய ஹிட் எண்ணிக்கை 185-ஐச் சுற்றிச் சுமார் பத்து கூடியும் குறைந்தும் ஊசலாடும். பத்தில் நான்கு சீசன்களில் அவர் 0.400-க்குக் கீழே முடிப்பார். அந்தச் சீசன்களிலும் அவர் அதே ஆட்டக்காரர்தான். அட்டையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. 0.400 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றவரை மாமேதை என்றும் அந்தப் பக்கம் நின்றவரை மிக நல்ல ஆட்டக்காரர் என்றும் பிரித்துப் பேசும் பழக்கம் எவ்வளவு பலவீனமான தரையில் நிற்கிறது என்பதை இந்த ஊசலாட்டம் உணர்த்துகிறது. அவர் உட்கார மறுத்தது மட்டும் எந்தப் பகடையையும் சார்ந்ததல்ல. அது அவருடைய குணம். அதற்கு உரிய மதிப்பு அதற்கு எப்போதும் உண்டு.

இங்கே இந்த முறையின் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அட்டை, நடந்த முடிவையே ஆட்டக்காரரின் திறமை என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் நடந்த முடிவிலேயே தற்செயல் கலந்திருக்கிறது. கார்டினல்ஸ் அணியில் ஆகஸ்டில் ஈனோஸ் ஸ்லாட்டரின் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. செப்டம்பர் நடுவில் சிறிய லீக்கிலிருந்து இருபது வயது ஸ்டான் மியூசியலை அழைத்தார்கள். பன்னிரண்டு ஆட்டங்களில் 47 முயற்சிகள், 20 ஹிட், சராசரி 0.426. அவரை முன்கூட்டியே அழைத்திருந்தால் பட்டம் கைக்கு வந்திருக்கும் என்று அன்றே பேச்சு இருந்தது. மேசையில் அதைச் சோதித்துப் பார்க்க ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அந்த 47 முயற்சிகளை வைத்து அச்சிட்ட அட்டை, வில்லியம்ஸைவிட அதிகமாக ஹிட் அடிக்கும் ஒருவரை நம் கையில் கொடுத்துவிடும். அவரைப் பல மாதங்கள் ஆடவிட்டால் நாம் விசாரிப்பது 1941-ஐ அல்ல, பன்னிரண்டு நாள் அதிர்ஷ்டத்தை. அதனால்தான் பொறுப்போடு ஆடுபவர்கள், எந்த ஆட்டக்காரரையும் உண்மையில் அவர் ஆடிய அளவுக்கு மேல் ஆடவிடுவதில்லை என்ற கட்டுப்பாட்டைத் தமக்குத் தாமே விதித்துக்கொள்கிறார்கள். கிடைத்த சான்று எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் பேசலாம் என்று வரலாற்றாய்வாளர் கற்றுக்கொள்ளும் அதே ஒழுக்கம் இது.

ஐம்பத்தாறு

டிமாஜியோவின் தொடர் வேறு வகை. அது ஒரு சீசனின் கூட்டுத்தொகை அல்ல; ஒரு வரிசை. ஒரே ஒரு நாள் தவறினால் மொத்தமும் போய்விடும்.

அந்த சீசனில் அவர் 139 ஆட்டங்களில் 193 ஹிட் அடித்தார். ஆட்டத்துக்குச் சராசரியாக நான்கரை வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்பிலும் ஹிட் கிடைக்கும் சாத்தியம் நூற்றுக்கு 31. இதை வைத்துப் பார்த்தால், ஓர் ஆட்டத்தில் குறைந்தது ஒரு ஹிட் அடிக்கும் சாத்தியம் நூற்றுக்கு 81. அப்படி 56 ஆட்டம் தொடர்ந்து நடக்க வேண்டும். 139 ஆட்டங்களில் எங்கிருந்து வேண்டுமானாலும் அந்தத் தொடர் ஆரம்பிக்கலாம் என்று சலுகை கொடுத்தாலும், ஏழு எட்டாயிரம் சீசனுக்கு ஒரு முறைதான் அது நிகழும் என்று என் தோராயக் கணக்கு சொல்கிறது. சில நாள் நான்கு வாய்ப்பு, சில நாள் ஐந்து என்று மாறுவதையும் சேர்த்தால் இன்னும் அரிது. மேசையில் 1941-ஐ ஆயுள் முழுதும் ஆடினாலும் அந்த 56 திரும்ப வராது என்றே சொல்லிவிடலாம்.

அப்படியானால் அது அதிசயமா? இதற்குப் பதிலைக் கேள்வியின் வடிவமே தீர்மானிக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் ஆர்பெஸ்மனும் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸும் 2008-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்கிப் பேஸ்பாலின் முழு வரலாற்றையும் கணினியில் 10,000 முறை திரும்ப ஆடவைத்தார்கள். ஒவ்வொரு வரலாற்றிலும் மிக நீண்ட தொடர் எவ்வளவு என்று பார்த்தார்கள். குறைந்தது 39 ஆட்டம், அதிகபட்சம் 109. நூற்றுக்கு 42 வரலாறுகளில் யாரோ ஒருவர் 56-ஐ எட்டினார் அல்லது தாண்டினார். ஆனால் அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் டிமாஜியோ அல்ல. 1890-களைச் சேர்ந்த ஆட்டக்காரர்களுக்கே வாய்ப்பு அதிகமாக இருந்தது.

ஆக, 'இந்த மனிதர், இந்த ஆண்டு' என்று கேட்டால் ஏறக்குறைய நடக்கவே முடியாத ஒன்று. 'எவராவது, என்றாவது' என்று கேட்டால் நாணயம் சுண்டுவதற்குப் பக்கத்தில் வருகிறது. இரண்டும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய உண்மைகள்தான். பேஸ்பாலுக்கு வெளியேயும் வரலாற்றில் நாம் வியக்கும் பலவற்றை இந்த இரு கேள்விகளையும் தனித்தனியே கேட்டுப் பார்க்காமலே வியந்துகொண்டிருக்கிறோம்.

பகடைக்கு நினைவு இல்லை

இந்தக் கணக்குகள் எல்லாம் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கின்றன: நேற்று நடந்தது இன்றைய பந்தைப் பாதிக்காது. பகடைக்கு நினைவு இல்லை. மனிதர்களுக்கு உண்டு. ஜூன் 26 அன்று நடந்ததைப் பாருங்கள்.

தொடரின் 38-ஆவது ஆட்டம். செயின்ட் லூயிஸ் பிரௌன்ஸ் அணியின் எல்டன் ஆக்கர் பந்து வீசுகிறார். எட்டாவது இன்னிங்ஸ் வரை டிமாஜியோவுக்கு ஹிட் இல்லை. யாங்கீஸ் 3-1 என்று முன்னிலையில் இருந்ததால், சொந்த மைதானத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸ் பேட் செய்யவே தேவை இருக்காது. எட்டாவதில் முதல் ஆள் அவுட். அடுத்தவர் ரெட் ரோல்ஃப் வாக் பெற்று முதல் பேஸில் நிற்கிறார். இப்போது பேட்டர் டாமி ஹென்ரிக். அவருக்கு அடுத்து டிமாஜியோ. ஹென்ரிக் ஓங்கி அடித்துப் பந்து நேராக ஒரு ஃபீல்டரிடம் போனால் ஒரே பந்தில் இருவரும் அவுட்; இன்னிங்ஸ் முடிந்தது; தொடரும் முடிந்தது. ஹென்ரிக் மேனேஜர் ஜோ மெக்கார்த்தியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு பன்ட் செய்தார். ஓங்கி அடிக்காமல் மட்டையால் பந்தைத் தொட்டு முன்னால் உருளவிட்டுத் தான் மட்டும் அவுட் ஆனார். அடுத்து வந்த டிமாஜியோ டபுள், அதாவது இரண்டாம் பேஸ் வரை போகும் ஹிட், அடித்தார். 38 ஆயிற்று.

இரண்டு ரன் முன்னிலையில் இருக்கும் அணி, நன்றாக அடிக்கும் பேட்டரைப் பன்ட் செய்யச் சொல்லுவது ஆட்டத்தை வெல்வதற்கான வழியே அல்ல. அது சக ஆட்டக்காரருக்காக ஒருவர் எடுத்த முடிவு. எந்த அட்டையிலும் அது இல்லை. பத்தாயிரம் வரலாறுகளைக் கணினி கடகடவென்று ஓட்டும்போது அங்கே ஹென்ரிக் இல்லை. ஒவ்வொரு ஹிட்டும் தனித்தனி உருளல். மேசைமேல் கையால் ஆடுபவரிடமோ அந்த இடம் திறந்திருக்கிறது. எந்த ஆட்டத்தில் யாரைப் பந்து வீசவிடுவது, எப்போது மாற்றுவது, எப்போது பன்ட் செய்வது என்பதையெல்லாம் அவரே தீர்மானிக்கிறார். அவருடைய சீசனில் யாராவது ஒருவர் முப்பது ஆட்டத் தொடரில் இருந்தால், எட்டாவது இன்னிங்ஸில் மெக்கார்த்தி முன் நின்ற அதே கேள்வி அவர் முன்னும் வந்து நிற்கும். கணினி நொடியில் முடிப்பதை மாதக்கணக்கில் கையால் செய்வதற்கு இதுவே தகுந்த காரணம். தற்செயலின் அளவைக் கணினி சொல்லிவிடும். தற்செயலுக்கு நடுவே மனிதர்கள் எங்கெங்கே முடிவெடுத்தார்கள் என்பது ஒவ்வொரு பந்தாகக் கடந்து போனால்தான் கண்ணில் படும்.

தொடர் ஜூலை 17 அன்று கிளீவ்லாண்டின் முனிசிபல் ஸ்டேடியத்தில், 67,468 பேர் முன்னிலையில் முடிந்தது. மூன்றாம் பேஸில் நின்ற கென் கெல்ட்னர், கோட்டையொட்டிச் சீறிப்போன இரண்டு பந்துகளைப் பின்னால் பாய்ந்து தடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார். நாற்பது ஆண்டுக்குப் பின், 1981 ஜூலையில், ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் ஆல்-ஸ்டார் ஆட்டம் குறித்த நாளில் நடக்காமல் போனபோது, அதே மைதானத்தில் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் அட்டைகளால் அந்த ஆட்டத்தை ஆடினார்கள். முதல் பகடையை உருட்டியவர் பாப் ஃபெல்லர். 1941-இல் கிளீவ்லாண்டுக்காக 25 வெற்றிகள் பெற்ற பிட்சர்.

அட்டை இல்லாதவர்கள்

1941 அட்டைப் பெட்டியில் பதினாறு அணிகளின் நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். கறுப்பின அமெரிக்கர் ஒருவர்கூட இல்லை. 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளினுக்காக இறங்கும் வரை, பெரும் லீக்குகளின் கதவு அவர்களுக்கு அடைத்தே இருந்தது. அந்த 1941-இல் சாட்செல் பேஜ் கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸுக்குப் பந்து வீசிக்கொண்டிருந்தார். பக் லெனர்ட் ஆடிய ஹோம்ஸ்டெட் கிரேஸ், கறுப்பின ஆட்டக்காரர்களுக்கான நீக்ரோ நேஷனல் லீக்கை வென்றது. அமெரிக்கா கண்ட மிகப் பெரிய பேட்டர்களில் ஒருவரான ஜாஷ் கிப்சன், மெக்சிகோவின் வேராக்ரூஸ் அணிக்கு ஆடப் போயிருந்தார்.

எத்தனை முறை பகடையை உருட்டினாலும் பெட்டியில் இல்லாத அட்டை மேசைக்கு வராது. தற்செயலின் எல்லா விளையாட்டையும் அனுமதிக்கும் இந்த முறை, நிறவெறியை மட்டும் மாற்ற முடியாத விதியாக அப்படியே ஏற்றுக்கொள்கிறது. அதை வெளிப்படையாகச் சொல்லாமல் 1941-ஐ ஆடுவது, அன்றைய லீக் முதலாளிகளின் முடிவுக்கு இன்னொரு முறை கையெழுத்துப் போடுவதாகும்.

அவர்களுக்கு அட்டை தயாரிக்க எண்கள் வேண்டும். எண்களுக்கு ஸ்கோர்தாள் வேண்டும். நீக்ரோ லீக் ஆட்டங்களின் பதிவுகள் பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பினச் செய்தித்தாள்களின் பழைய பக்கங்களில் சிதறிக் கிடந்தன. பல ஆர்வலர்கள் நுண்படச் சுருள்களை ஓட்டி ஓட்டி அவற்றைத் தொகுத்தார்கள். ஆய்வாளர் ஸ்காட் சிம்கஸின் உழைப்பால் 2009-இல் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக், நீக்ரோ லீக் ஆட்டக்காரர்கள் நூற்றுக்கு மேற்பட்டோருக்கு அட்டைகள் வெளியிட்டது. பேஸ்பாலின் அதிகாரப்பூர்வ நிறுவனம், 1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீக்குகளும் பெரும் லீக்குகளே என்று அறிவித்தது 2020 டிசம்பரில்தான். அந்தப் புள்ளிவிவரங்கள் அதன் ஏட்டில் சேர்ந்தது 2024-இல். அன்று வாழ்நாள் சராசரியில் 0.372-உடன் கிப்சன் முதலிடத்துக்கு வந்தார். 1943-இல் அவர் அடித்த 0.466-உம் ஏட்டில் ஏறியது. அது 154 ஆட்டம் கொண்ட சீசன் அல்ல, மிகக் குறுகியது. இருந்தாலும் 0.400-ஐத் தொட்ட கடைசி மனிதர் வில்லியம்ஸ் என்று நிபந்தனை இல்லாமல் எழுத இனி முடியாது.

இதே போன்ற இன்னொரு பெரும் உழைப்பு ரெட்ரோஷீட். டெலவேர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் பேராசிரியர் டேவிட் ஸ்மித் 1989-இல் தொடங்கினார். பழைய ஆட்டங்களின் விவரங்களைப் பந்து பந்தாகத் தேடிச் சேகரித்து யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வைத்திருக்கிறார்கள். எந்த நாளில் யார் எந்த வரிசையில் ஆடினார்கள் என்பதை அறிந்து அன்றைய அணியையே மேசையில் இறக்குபவர்கள் இந்த உழைப்பின் மேல்தான் நிற்கிறார்கள்.

பழைய சீசனை மீண்டும் ஆடுவதன் ஆழமான பயன் எனக்கு இங்கேதான் தெரிகிறது. பகடை இரண்டு விஷயங்களை நன்றாகச் செய்கிறது: யாங்கீஸின் வெற்றி போன்ற கெட்டியானதைக் கெட்டியானது என்று காட்டுகிறது, புரூக்ளினின் வெற்றியும் வில்லியம்ஸின் 0.400-உம் போன்றவை நூலிழை என்று காட்டுகிறது. மூன்றாவதைப் பகடையால் செய்ய முடியாது. விடுபட்டவர்களைக் கொண்டுவர ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆகவே இனி 1941-ஐ ஆட உட்காருபவர் பதினாறு அணிகளோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பதே என் வேண்டுகோள். முதலில் நடந்தபடி ஒரு சீசன் ஆடட்டும். அடுத்து கிப்சன், லெனர்ட், பேஜ் ஆகியோரின் அட்டைகளை அணிகளில் சேர்த்து இன்னொன்று ஆடட்டும். அவர்களுடைய எண்கள் குறைவான ஆட்டங்களிலிருந்து வந்தவை என்பதால், மியூசியலின் அட்டைக்குக் காட்டிய அதே எச்சரிக்கை இங்கும் தேவை. இரண்டாவது சீசனில் பட்டியலின் தலையில் யார் நின்றாலும், இரு பட்டியல்களுக்கும் இடையே விழும் வித்தியாசத்தில் தற்செயலின் பங்கு எவ்வளவு என்று இப்போது நமக்குக் கழித்துப் பார்க்கத் தெரியும். கழித்தபின் எஞ்சுவது, வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டவர்களின் ஆட்டம். அதைப் பகடை மறைக்கவில்லை, மனிதர்கள் மறைத்தார்கள். அதை அளந்து சொல்லும் பொறுப்பும் மனிதர்களுடையதே.